புல்லுக்கும் உண்டு எதிர்ப்புச் சக்தி

மழைக்காலம் வந்துவிட்டால் தில்லிக் குடியிருப்புகளின் புல்தரைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. "நோயே வராத புல்லாகப் பார்த்துப் போட்டுவிடலாமே" என்று நம் சங்க அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. எங்கள் குடியிருப்பிலும் பழைய அறுகைத் தோண்டி எறிந்துவிட்டுக் கொரியன் புல் போடலாம் என்று ஒரு கட்சி. மருந்து தெளித்தால் போதும் என்று இன்னொரு கட்சி. செலவோ எல்லோர் தலையிலும் விழும். மருந்து தெளித்த புல்லில் உருண்டு விளையாடப் போவதோ நம் குழந்தைகள். ஆகவே தாவர நோயியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாப் பூஞ்சாண நோய்களையும் எதிர்க்கும் புல் என்று எதுவும் கிடையாது. எதிர்ப்புச் சக்தி நோய்க்கு நோய் மாறுபடும். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே அந்த அறுகுதான் இங்கே 'தூப்'. அதற்கு இலைப்புள்ளி நோய் வரும். சோய்சியா இனமான கொரியன் புல்லுக்குத் துரு நோயும், ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணத்தால் பெருந்திட்டு நோயும் வரும். நம் ஊர் நெல்லில் இலையுறைக் கருகலை உண்டாக்குவதும் இதே ரைசோக்டோனியாவின் வேறொரு பிரிவுதான். அமெரிக்காவில் 1973இல் வெளியான ஃப்ளோராடாம் என்ற ரகம், ஒரு வைரஸ் நோயைத் தாங்கி நின்று பெயர் வாங்கியது. ஆனால் சாம்பல் இலைப்புள்ளி என்ற பூஞ்சாண நோய்க்கு அது எளிதில் ஆளாகிறது.

புல் எப்படி எதிர்க்கிறது? இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சும், செல் சுவர்களில் படியும் சிலிக்காவும் முதல் அரண். அதையும் துளைத்துப் பூஞ்சாணம் நுழைந்தால், சில புற்களில் தாக்குண்ட செல்லும் அதைச் சுற்றியுள்ள சில செல்களும் தாமே மடிந்து, மேலும் பரவ விடாமல் வழியை அடைத்துவிடுகின்றன. மூன்றாவது, மீண்டு எழும் திறன். அறுகு இதில் கெட்டிக்காரப் புல். மேலே கருகினாலும் நிலத்தடித் தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 1960இல் வந்த டிஃப்வே போன்ற கலப்பின அறுகில் 27 குரோமோசோம்கள். 36 கொண்ட நாட்டு அறுகும் 18 கொண்ட ஆப்பிரிக்க அறுகும் அதன் பெற்றோர். அது விதை தராது. தண்டை வெட்டித்தான் நட வேண்டும். ஆகவே தரை முழுவதும் ஒரே செடியின் பிரதிகள். ஒன்றை வீழ்த்தக்கூடிய நோய் அத்தனையையும் வீழ்த்தும்.

எங்கள் கூட்டத்தில் நான் சொன்னது இதுதான்: ரைசோக்டோனியா மண்ணிலும் மட்கிய புல்லிலும் உயிரோடு கிடக்கும். மேலே உள்ள புல்லை மட்டும் மாற்றினால் அது போய்விடாது. அதிலும், அறுகைவிட மெதுவாக வளர்ந்து மெதுவாகவே மீளும் கொரியன் புல்லை அந்த மண்ணில் நடுவது லாபமில்லை.

முதலில் அது நோய்தானா என்று பாருங்கள். குளிர்காலத்தில் அறுகு மஞ்சளாவது உறக்கம், நோயல்ல. நாய் சிறுநீர் கழித்த இடமும் வட்டமாகக் கருகும். விடியற்காலையில் திட்டின் ஓரத்தில் சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் பூஞ்சாணத்தைச் சந்தேகிக்கலாம்.

பிறகு, மாலையில் நீர் விடுவதை நிறுத்தி அதிகாலையில் விடுங்கள். இலை ஈரமாக இருக்கும் நேரம் குறையும். ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் ரைசோக்டோனியாவுக்குக் கொண்டாட்டம்; அடியோடு நிறுத்தினால் துரு நோய்க்குக் கொண்டாட்டம். அளவோடு போடுங்கள். தண்டு பச்சையாக இருக்கும்வரை மண்வெட்டியை எடுக்க வேண்டாம். அறுகுக்குச் சில வாரம் அவகாசம் கொடுத்துப் பாருங்கள்.