பழைய காரும் பழைய இரும்பும்

பழைய கார் என்றதும் நம்மில் பலருக்கு மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸும், பத்திரிகைகளில் வரும் ஊர்வலப் படங்களும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கார்களைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. அவற்றுக்கு வசதியான எஜமானர்கள் இருக்கிறார்கள், தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது நம் செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் சொசைட்டிகளின் காம்பவுண்டில் கித்தான் மூடி நிற்கிற ஹெரால்டையும் ஃபியட்டையும் பற்றித்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, வருடக் கணக்கில் காத்திருந்து நம் தகப்பனார்களும் மாமனார்களும் வாங்கிய வண்டிகள் அவை. கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம், வண்டியை உடனே அகற்றவும் என்று கமிட்டியிடமிருந்து கடிதம் வரும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு எடுத்துப் போய்விடுகிறார்.

என் மாமனார் 1970இல் மெட்ராஸில் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, பதினெட்டு வருடம் அசையாமல் நின்றுவிட்டு, இப்போது செம்பூரில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்பதற்கு மூன்றரை வருடம் பிடித்தது. அந்த அனுபவத்தில் தெரிந்ததையும், இதே பைத்தியம் பிடித்த மற்ற அன்பர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காகிதம், அடுத்தது தகரம், கடைசியில்தான் எஞ்சின். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, பாதியிலேயே பணமும் பொறுமையும் தீர்ந்து, பிரித்துப் போட்ட காரை அப்படியே விற்றுவிடுகிறார்கள்.

ஹெரால்டு நமக்கு ஊர்க்காரர் என்பதால் அதன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948இல் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். வான்கார்டு, டென் என்று சில கார்களுக்குப் பிறகு 1961இல் ஹெரால்டு வந்தது. இதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிகெலோட்டி என்ற இத்தாலியர். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு வண்டலூரில் மட்டுமே பிறந்தது. பின்னர் 1972 முதல் 1977 வரை கெஸல் என்ற பெயரில் அதன் வாரிசு ஒன்று வந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து, அது விலை போகாமல், 1988இல் கார் உற்பத்தியே நின்றுபோனது.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. 1950களில் மற்ற கம்பெனிகள் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலையே ஒரே கூடாக வெல்டிங் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டுக்கு உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. ஆகவே பல பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து வாங்கி, பழைய பாணி சேஸிஸ் ஒன்றின்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்தது இன்றைக்கு நமக்கு வரமாக இருக்கிறது. ஹெரால்டின் துண்டுகளைக் கழற்றலாம், ஒவ்வொன்றாகச் சரி செய்யலாம், மீண்டும் பூட்டலாம். முன்பக்கத்தில் பானெட்டும் இரு மட்கார்டுகளும் ஒரே பாகமாக முன்னோக்கிக் கவிழும். அதைத் திறந்துவிட்டு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். இவ்வளவு வசதியாக வேலை பார்க்க இடம் தரும் கார் இன்றைய ஷோரூம்களில் கிடையாது.

இன்னொரு வரமும் உண்டு. ஹெரால்டின் சேஸிஸைச் சற்றுக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அது 1980 வரை உற்பத்தியானது. அதற்கு இன்றும் ஏராளமான ரசிகர்கள் இருப்பதால், முன்சக்கரப் பகுதி சாமான்களும் பிரேக் சாமான்களும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். கஸ்டம்ஸ் வரி வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் சாமான் கிடைக்கிறதே!

ஃபியட்டின் கதை வேறு. நம் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் செய்த 1100 டிலைட், பின்னர் பிரசிடெண்ட், அதன் பின் பத்மினி எல்லாம் ஒரே வம்சம். அடிச்சட்டம் தனியாகக் கிடையாது, தகரக் கூடுதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதி துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதை வெட்டி எடுப்பதற்கு முன் உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, அடியில் சரியாக முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத பட்டறையில், வேலை முடிந்த அன்று கதவு மூடாது. அதே சமயம் ஃபியட்டுக்கு மெக்கானிக் பஞ்சம் இதுவரை இருந்ததில்லை. காரணம் நம் கறுப்பு மஞ்சள் டாக்சிகள். கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவானது. இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் ஓய்ந்தது. டாக்சிகளை நம்பிப் பிழைத்த பட்டறைகள் ஒவ்வொன்றாக வேறு தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே ஃபியட் வைத்திருப்பவர்கள் அதிக நாள் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இனி காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. 50 வருடம் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் சேரலாம். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதில் முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. பழைய எஞ்சின் தொல்லை கொடுத்தால் வேறொரு காரின் எஞ்சினைத் தூக்கி வைப்பது நம் நாட்டு வழக்கம். அம்பாசடரில் டீசல் எஞ்சின் வைத்தவர்கள் எத்தனை பேர்! அன்றாடம் ஆபீசுக்குப் போன காலத்தில் அது சமயோசிதம். இப்போது அதுவே விண்டேஜ் பதிவுக்குத் தடை. கழற்றிய அசல் எஞ்சின் கொட்டகையில் எங்காவது கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்குத்தான் அனுமதி. கோயிலுக்கும் கடைக்கும் ஓட்ட ஆசைப்படுபவர்கள் சாதாரண மறுபதிவிலேயே இருந்துகொள்ளலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி, கட்டணமும், மகாராஷ்டிரத்தில் பசுமை வரியும் கட்டி வர வேண்டும். எங்கள் ஹெரால்டுக்கு நாங்கள் தேர்ந்தது இந்த வழி. 1980களில் வாங்கிய பத்மினிக்கு இப்போதைக்கு இந்த ஒரு வழிதான். 50 வயது ஆகவில்லை, விண்டேஜ் கிடையாது. ஆனால் 20 வருடம் கடந்த கார்களின் மறுபதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இளமையும் இல்லை, முதுமையின் சலுகையும் இல்லை என்கிற இந்த நடுத்தர வயதில்தான் பல நல்ல வண்டிகள் எடைக்குப் போகின்றன.

உரிமையாளர் காலமாகிவிட்டிருந்தால் ஆர்.டி.ஓ.வில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். வண்டி வேறு மாநிலப் பதிவாக இருந்தால் அந்த ஊர் அலுவலகத்திலிருந்து ஆட்சேபனையில்லாச் சான்றும் வேண்டும். எங்கள் விஷயத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. மூன்றரை வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் காகிதத்துக்கே போயிற்று. அந்த நாட்களில் காரின் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

அடுத்தது தகரம். தாராவியில் நாற்பது வருடமாகத் தட்டுவேலை செய்யும் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்ட அழைத்து வந்தேன். நான் எஞ்சினைப் பற்றி ஆரம்பித்ததும், "சார், எஞ்சின் எங்க போயிரப் போவுது? மொதல்ல தகரம் இருக்கான்னு பாருங்க" என்றார். மேசைத் துணி ஒன்றில் சின்னக் காந்தத்தைச் சுற்றிக் காரின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். ஒட்டுகிற இடத்தில் இரும்பு, ஒட்டாத இடத்தில் பட்டி. பழைய பட்டறைகள் துருவை வெட்டி எடுக்காமல் பட்டியால் நிரப்பிப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். பார்வைக்குப் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். மும்பையின் கடல் காற்றுக்கும் நான்கு மாத மழைக்கும் அது சீக்கிரமே வெளியே வந்துவிடும். ஹெரால்டில் பார்க்க வேண்டிய இடம் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். எங்களுடையதில் இரண்டு கைகள் விரலால் அழுத்தியதும் பொடிந்தன. அதே கனத்தில் தகடு வாங்கிப் புதிதாகச் செய்து வெல்டிங் செய்தார். ஃபைபர் போட்டு மூடிவிடலாம் என்று இன்னொரு பட்டறையில் சொன்னார்கள். பாரம் தாங்குகிற இடத்தில் அதை ஒருக்காலும் அனுமதிக்காதீர்கள்.

பம்பரின் பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பின்மேல் முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம் என்று மூன்று பூச்சு பூச வேண்டும். அவசரக்காரர்கள் செம்பை விட்டுவிடுவார்கள். ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடும். கேட்டுச் செய்வித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சின்னச் சாமான்களுக்குச் சோர் பஜாரிலும் குர்லா சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளிலும் அலைய வேண்டியதுதான். கையில் பழைய பாகத்தையே எடுத்துப் போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

கடைசியாக எஞ்சின். நெடுநாள் நின்ற வண்டியில் பாட்டரியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கும். பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊற விட்டு, பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் எல்லாவற்றையும், டயர்களையும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு கீழே ஒரு வெண்கலக் கட்டைக்குள் மரைபோலத் திருகி நிற்கும். டிரன்னியன் என்பார்கள். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் சர்வீஸ் ஸ்டேஷன்களில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் மரை வறண்டு, தண்ணீர் புகுந்து துருப்பிடித்து, ஒரு நாள் வளைவில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். பக்கத்தில் நின்று கியர் ஆயில் விடச் சொல்லுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000ஆம் வருடத்தோடு ஈயம் போய்விட்டது. ஆகவே ஹெட்டைக் கழற்றும்போதே லேத் பட்டறையில் கடின உலோக வளையம் பொருத்திவிடுவது நல்லது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அது இளக்கிவிடும். ஈரத்தையும் இழுத்து டாங்கின் அடியில் துருவை உண்டாக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொண்டு, மாதக் கணக்கில் டாங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் வாரம் ஒரு முறையாவது இருபது கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, டிராஃபிக் கூடுவதற்கு முன், கிளம்பிவிடுவோம்.