போத்தலா, படமா?

நுவரெலியாவில் மூடுபனி விலகாத காலைப்பொழுது ஒன்றில், தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் மூடியில் துளையிட்ட தகரப்பேணி ஒன்றை என் மேசைமீது வைத்தான். உள்ளே, மூக்கு நுனியிற் கொம்புடைய ஓணான் ஒன்று அசைவற்றிருந்தது.

“சேர், இதைப் போத்தலிலே போட்டு ஆய்வுகூடத்தில் வைப்போமா?” என்று ஆவலோடு கேட்டான்.

நான் விடை கூறாது, ஆய்வுகூட அலுமாரியைத் திறந்து காட்டினேன். மருந்து நீரில் மிதந்த தவளைகளும் பல்லிகளும் ஒரே வெளிறிய நிறத்தன. உயிரோடிருந்த காலத்து அவை கொண்டிருந்த பச்சை எங்கே? மஞ்சள் எங்கே?

இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட், நுவரெலியாவிற் கிடைத்த மரத்தவளை ஒன்றுக்கு 1853ஆம் ஆண்டில் ‘விண்மீன் பதித்தது’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அந்த மாதிரி பின்னர்த் தொலைந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தவளை ஆராய்ச்சியாளர் கண்ணிற் படாமையால், அழிந்த இனமென்றே பட்டியலிட்டனர். 2009இற் சிவனொளிபாத மலைக்காட்டிலே அது மீண்டும் கண்டறியப்பட்டது. அதன் பச்சை உடலையும் விண்மீன் போன்ற புள்ளிகளையும் இன்று நாம் நிறம் மாறாமற் காண்பது புகைப்படங்களிலேதான். ஆராய்ச்சியாளர்க்கு மாதிரி வேண்டுமிடம் உண்டு. மாணவர்க்கோ படமே போதும்.

ஓணானைப் பிடித்த மரத்திலேயே விட்டோம். அடுத்த ஞாயிறு என் கமராவுடன் அங்கு சென்றோம்.

சிற்றுயிரை மிக நெருங்கிப் படமெடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் ஓரிரு மில்லிமீற்றர் அளவாகச் சுருங்கிவிடும். ஆகவே கண்ணையே குறிவைத்தல் வேண்டும். கண் தெளிவாயின் வால் மங்கினும் குற்றமில்லை. கமராவை உடலின் பக்கத்திற்கு இணையாகப் பிடித்தால் தெளிவுறும் பகுதி கூடும். மேலிருந்து நோக்காது, முழந்தாளிட்டு அதன் கண்மட்டத்திற்கு இறங்குதல் நன்று. மலைநாட்டு மூடுபனி ஒளியைப் பரப்பிக் கடும் நிழல் விழாமற் காக்கும். காற்றில் இலை ஆடினால், அது அடங்கும்வரை காத்திருத்தலே வழி.

ஓணான் வெயிலாற் சூடேறும் உயிர்; குளிர்ந்த காலையில் மெல்லவே அசையும். இது படமெடுப்போர்க்கு வாய்ப்பு. ஆயினும், ஓட இயலாத அவ்வேளையில் அதைத் தொட்டுத் திருப்புவதும், கிளையை ஒடித்து ஒளிக்குக் கொண்டுவருவதும் கொடுமையாகும்.

இன்னுமொரு கடமை உண்டு. இந்த ஓணான் இலங்கையிலன்றி வேறெந்நாட்டுக் காட்டிலும் இல்லை. இத்தகைய அரிய ஓணான்களை வளர்ப்புப் பிராணிகளாக விற்கக் கடத்துவோர் உளர். ஆதலால் 2019ஆம் ஆண்டு இதுவும் இதன் உறவினங்கள் சிலவும், காட்டுயிர் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல்களிற் சேர்க்கப்பட்டன. எனவே, படத்தைப் பலர்க்கும் காட்டுங்கள், மரத்தைக் காட்டாதீர்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் இடக்குறிப்பும் பதிந்திருக்கலாம். பிறர்க்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள்.

அன்று அம்மாணவன் எடுத்த படங்களுள் ஒன்றிலே மட்டும் கண் தெளிவாக விழுந்திருந்தது. அப்படம் இன்று ஆய்வுகூடச் சுவரை அணிசெய்கிறது. “அண்ணா, இதை எங்கே பிடித்தீர்கள்?” என்று கீழ்வகுப்புச் சிறுவர் கேட்கின்றனர்.

“பிடிக்கவில்லை, பார்த்தேன்” என்கிறான் அவன்.