வலி போய்விட்டது, பல் போகாமலிருக்க...

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு சீரகச் சம்பா பிரியாணி மணக்கிற நேரம். பக்கத்து வீட்டுப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"எலும்பைக் கடிச்சேங்க்கா, டக்குனு ஒரு சத்தம். பல்லு ரெண்டாப் போயிருச்சு."

ஆறு மாதத்துக்கு முன்னால் ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் அது. "கேப் போட்டியா?" என்று கேட்டேன்.

"வலியே இல்லையேக்கா! பிள்ளைகளுக்கு பீஸ் கட்டுற மாசம் வேற. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

மறுநாள் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். விரிசல் வேர் வரை போயிருந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று நாள் அலைந்து, வாயைத் திறந்துகொண்டு மணிக்கணக்கில் படுத்துக் கிடந்து, கைக்காசைச் செலவழித்துக் காப்பாற்றிய பல்!

இந்த 'வலியே இல்லையே' என்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. ஏன் தெரியுமா? பல்லுக்குள் கூழ் போன்ற ஒரு பாகம் இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் அதில்தான். சொத்தை அதுவரை போய்ச் சீழ் வைத்துவிட்டால், அந்தக் கூழை எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைச் சுத்தம் செய்து, மரத்துப் பாலிலிருந்து எடுக்கும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார்கள். நரம்பு போனபின் அந்தப் பல்லில் புதிதாகச் சொத்தை விழுந்தாலும் கூச்சமோ வலியோ தெரியாது. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்தாயிற்று!

அது மட்டுமல்ல. சொத்தை தின்றது போக, குழாயைத் தேடி டாக்டர் திறந்ததும் போக, மிஞ்சுவது சுற்றுச்சுவர்தான். பொந்து விழுந்த புளியமரம் மாதிரி. பார்த்தால் நன்றாகத்தான் நிற்கும். ஆனால் மெல்லும்போது அதிக பாரம் விழுவது கடைவாய்ப் பல்லின் மேல்தான். அதனால்தான் கேப் போடச் சொல்கிறார்கள். முன்பல்லில் பெரும்பாகம் மிஞ்சியிருந்தால் கேப் இல்லாமல் அடைப்பு மட்டுமே போதுமென்று டாக்டர் சொல்லலாம். கடைவாய்ப் பல்லுக்கு அந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது.

கேப் வரும்வரை மேலே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது. தேய்ந்தோ கசிந்தோ போனால் எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே இறங்கும். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? கதவைச் சாத்திவிட்டுப் பூட்டாமல் ஊருக்குப் போன கதைதான். ஒரு மாதத்துக்குள் கேப் போட்டுவிடுவது நல்லது. அதுவரை அந்தப் பக்கத்தில் முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு எதுவும் வேண்டாம், மறுபக்கம் மெல்லுங்கள்.

செலவுதான் பல பேரைத் தடுக்கிறது. அதற்கு ஒரு யோசனை: முதல் நாளே, "கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு வெறும் உலோகக் கேப்பே உறுதியானது, விலையும் குறைவு. பல் நிறத்தில்தான் வேண்டுமென்று அடம்பிடித்துத் தள்ளிப்போடுவதைவிட அது மேல். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வருகிறவர்கள், எத்தனை தடவை வரவேண்டும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை முடிந்த அன்று, மரத்துப் போனது தெளியும்வரை சாப்பிட வேண்டாம். கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொள்வோம், தெரியாது. சூடான காப்பியும் அப்புறந்தான். கடிக்கும்போது சில நாட்களுக்கு லேசாக வலிப்பது சகஜம். டாக்டர் கொடுத்த மாத்திரையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் போதும்.

வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா! எங்கள் அப்பத்தாவுக்குப் பல்வலி என்றால் புகையிலைதான் மருந்து. புகையிலையை அடக்கினால் வாய்ப்புற்றுக்குத்தான் வழி. கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினாலும், வலி மாத்திரையை ஈறில் அடக்கி வைத்தாலும் ஈறு வெந்துவிடும். "மேல் பல்லில் கை வைத்தால் கண்ணு போயிரும்" என்பது வெறும் பயம். "மாசமா இருக்கும்போது பல் ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்பதும் சரியல்ல. டாக்டரிடம் எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிட்டால் போதும். நடு மூன்று மாதங்கள் சிகிச்சைக்குச் சௌகரியமான காலம். சீழை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் ஆபத்து. பால் கொடுக்கிற தாய்மார்களும், சர்க்கரை உள்ளவர்களும் மருந்து எழுதும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

கேப் போட்டாலும் பல் துலக்குவதில் குறை வைக்கக்கூடாது. கேப் சொத்தையாகாது, ஆனால் அது ஈறோடு சேருகிற ஓரத்தில் அழுக்குத் தங்கினால் அடியிலுள்ள பல் சொத்தையாகும். காலையில் ஒரு தடவை, ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபின் ஒரு தடவை. அந்த ராத்திரித் தடவையைத்தான் நாம் அசதியில் விட்டுவிடுகிறோம். பல்லிடுக்கை நூலால் சுத்தம் செய்யலாம். ஊக்கும் கொண்டை ஊசியும் உதவாது.

நாலைந்து நாளாகியும் வலி கூடிக்கொண்டே போனால், ஈறில் கொப்புளம் கிளம்பினால், கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் உயரமாகத் தட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். முகமோ தாடையோ வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

கேப் கழன்று கையில் வந்துவிட்டால் பயப்படாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஓரிரு நாளில் டாக்டரிடம் எடுத்துப் போனால், பல் நன்றாக இருக்கும் பட்சத்தில் அதையே திரும்ப ஒட்டிக் கொடுப்பார். வீட்டிலிருக்கும் பசையைப் போட்டு நீங்களே ஒட்டிவிட வேண்டாம்.