மருத்துவமனை ஊட்டக்குறை பராமரிப்பு

மருத்துவமனை ஊட்டக்குறை என்பது, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளியின் உடலுக்குத் தேவையான ஆற்றல், புரதம், உயிர்ச்சத்துகள், கனிமங்கள் ஆகியவை போதிய அளவில் கிடைக்காமையால் ஏற்படும் நிலையைக் குறிக்கும். வறுமையாலும் பஞ்சத்தாலும் ஏற்படும் ஊட்டக்குறையிலிருந்து இது வேறுபட்டது. செல்வம் மிகுந்த நாடுகளில், உணவுக்குத் தட்டுப்பாடு இல்லாத பெரிய மருத்துவமனைகளிலும் இது காணப்படுகிறது. இதனைக் காலத்தோடு கண்டறிந்து, உரிய உணவை அளித்து, பலனைக் கண்காணிக்கும் பணிகளின் தொகுப்பே ஊட்டக்குறை பராமரிப்பு எனப்படுகிறது. இப்பராமரிப்புக்குத் தேவையான அறிவும் பொருட்களும் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே உள்ளன. ஆயினும் ஒருவரின் பணி முடிந்து மற்றவரின் பணி தொடங்கும் இடங்களில் இது தவறிப்போகிறது. ஆகவே இதன் தரத்தை உயர்த்தும் முயற்சிகள், புதிய மருந்துகளைக் காட்டிலும் பணி ஒழுங்கையே மிகுதியும் சார்ந்துள்ளன.

காரணங்கள்

நோயாளியொருவர் ஊட்டக்குறையுடனேயே மருத்துவமனைக்கு வரலாம். அங்கு வந்த பின்னரும் ஊட்டக்குறை ஏற்படலாம். புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் நோய், குடல் நோய்கள், பக்கவாதம் போன்றவை பசியைக் குறைக்கின்றன. அல்லது விழுங்குவதையும் செரிப்பதையும் கடினமாக்குகின்றன. கடுமையான நோய்த்தொற்றும் காயமும் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சியின்போது உடல் தன் தசையிலுள்ள புரதத்தைச் சிதைத்துப் பயன்படுத்துகிறது. ஆகவே தேவை கூடும் அதே வேளையில் உட்கொள்ளும் அளவு குறைந்துவிடுகிறது.

இவற்றோடு மருத்துவமனையின் நடைமுறைகளும் சேர்ந்துகொள்கின்றன. சோதனைக்காகவோ அறுவைச் சிகிச்சைக்காகவோ நோயாளி வெறும் வயிற்றுடன் காத்திருக்கிறார். சோதனை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டால் அவர் மீண்டும் பட்டினி இருக்க நேர்கிறது. உணவு வரும் நேரத்தில் அவர் ஊடுகதிர்ப் பிரிவில் இருக்கலாம். தட்டு கைக்கு எட்டாத தொலைவில் வைக்கப்பட்டிருக்கலாம். பல்லில்லாத முதியவருக்குக் கடினமான உணவு வந்திருக்கலாம். உண்ணப்படாத தட்டை எடுத்துச் செல்லும் பணியாளர் அதனைச் செவிலியருக்குத் தெரிவிப்பதும் பெரும்பாலும் வழக்கமில்லை.

விளைவுகள்

ஊட்டக்குறையால் தசை வலிமை குன்றுகிறது. மூச்சுத் தசைகள் தளர்வதால் சளியை இருமி வெளியேற்றும் திறன் குறைந்து, நுரையீரல் தொற்று எளிதில் பற்றுகிறது. நோயெதிர்ப்புத் திறன் குறைகிறது. அறுவைக் காயங்கள் ஆறுவதில் தாமதம் ஏற்படுகிறது. படுக்கைப் புண்கள் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. இவற்றின் பயனாக மருத்துவமனையில் தங்கும் காலம் நீள்கிறது. இறப்பு வீதமும் உயர்கிறது.

உளவியல் விளைவும் குறிப்பிடத்தக்கது. 1944 – 1945 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 உடல்நலமுள்ள ஆண்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அவர்களிடம் சோர்வும் மனத்தளர்ச்சியும் எதிலும் நாட்டமின்மையும் காணப்பட்டன. ஊட்டக்குறையுள்ள நோயாளி தனக்காகக் குரல் எழுப்பாமல் இருப்பதற்கான காரணத்தை இது ஓரளவு விளக்குகிறது. அவர் கேட்கும்வரை காத்திருக்கும் எந்த முறையும் அவரைத் தவறவிடும்.

வரலாறு

1936 ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹைரம் ஸ்டட்லி, நாட்பட்ட இரைப்பைக் குடற்புண்ணுக்காக அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்தார். சிகிச்சைக்கு முன் தம் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் இழந்திருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தனர். அவ்வளவு எடை இழக்காதவர்களில் இறந்தோர் 3.5 விழுக்காட்டினரே. எடையிழப்பைக் கேட்டறிவது அறுவைச் சிகிச்சையின் இடரை மதிப்பிட உதவும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

1960களின் இறுதியில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய குழுவினரும் உணவு முழுவதையும் சிரை வழியாகவே செலுத்தும் முறையை உருவாக்கினர். இதன் பின்னர், வாயால் உண்ண முடியாதவருக்கும் ஊட்டம் அளிக்க இயலாது என்று கூறுவதற்கு இடமில்லாமற் போயிற்று.

1974 ஆம் ஆண்டில் அலபாமாவைச் சேர்ந்த மருத்துவர் சார்லசு பட்டர்வர்த், "மருத்துவமனை அலமாரியில் உள்ள எலும்புக்கூடு" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மறைத்து வைக்கப்பட்ட இழுக்கை "அலமாரியில் உள்ள எலும்புக்கூடு" எனக் கூறுவது ஆங்கில மரபு. நோயாளியின் உயரத்தையும் எடையையும் பதியாமை, குளுக்கோசு மற்றும் உப்புக் கரைசலை மட்டுமே நெடுநாள் செலுத்துதல், உண்ட அளவைக் கவனியாமை, சோதனைகளுக்காக உணவை நிறுத்துதல், பொறுப்பு பலரிடையே சிதறிக் கிடத்தல் போன்ற குறைகளை அவர் பட்டியலிட்டார். அதே ஆண்டில் பாசுட்டன் நகர மருத்துவமனையொன்றின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்த புரூசு பிசுட்ரியன், ஜார்ஜ் பிளாக்பர்ன் குழுவினர், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் புரத – ஆற்றல் குறைபாட்டைக் கண்டனர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1994 ஆம் ஆண்டில் இசுக்கொட்லாந்தின் டண்டீ நகரில் மெக்வர்ட்டர், பென்னிங்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனையில் சேர்ந்த 500 பேரில் 200 பேர் ஊட்டக்குறையுடன் இருந்தனர். மீண்டும் எடை பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் இருந்த காலத்தில் மேலும் மெலிந்திருந்தனர். ஊட்ட உதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிலரோ எடை கூடியிருந்தனர். கண்டுகொள்ளப்பட்டால் இக்குறையைச் சரிசெய்ய இயலும் என்பதே இதன் பொருள்.

2003 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம், மருத்துவமனை உணவும் ஊட்டப் பராமரிப்பும் பற்றிய தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் தேசிய வழிகாட்டி நிறுவனம் வயதுவந்தோருக்கான ஊட்ட உதவி பற்றிய வழிகாட்டியை வெளியிட்டது.

பராமரிப்பின் படிகள்

ஊட்டக்குறை பராமரிப்பைப் பின்வரும் படிகளாகப் பிரிக்கலாம்.

1. வடிகட்டல்: நோயாளி சேர்ந்தவுடன் செவிலியர் சில எளிய கேள்விகள் கேட்டு, இடருள்ளவர்களைப் பிரித்தறிதல்.
2. மதிப்பீடு: இடருள்ளவரை உணவியல் வல்லுநர் நேரில் கண்டு, உணவு வரலாறு, தசை, கொழுப்பு, கைப்பிடி வலிமை முதலியவற்றை ஆராய்தல்.
3. நோயறிதல்: மருத்துவர் ஊட்டக்குறையை ஒரு நோயாக உறுதிசெய்து குறிப்பேட்டில் பதிதல்.
4. திட்டம்: தேவையான ஆற்றல், புரதம் ஆகியவற்றைக் கணித்து, வாய்வழி உணவு, துணை உணவு, குழாய்வழி உணவு, சிரைவழி உணவு ஆகியவற்றுள் ஏற்றதைத் தெரிவுசெய்தல்.
5. கண்காணிப்பு: உண்ட அளவையும் எடையையும் பதிந்து, திட்டத்தை மாற்றியமைத்தல்.
6. விடுவிப்பு: நோயாளி வீடு திரும்பும்போது திட்டத்தை அவரிடமும் குடும்பத்தாரிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஒப்படைத்தல்.

வடிகட்டலுக்குப் பல கருவிகள் உள்ளன. 2003 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் வெளியிடப்பட்ட "மஸ்ட்" என்னும் கருவி அவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும். இதில் மூன்று கூறுகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன.

* உடல் நிறைச் சுட்டெண்: 20க்கு மேல் எனில் 0, 18.5 முதல் 20 வரை எனில் 1, 18.5க்குக் கீழ் எனில் 2.
* கடந்த 3 முதல் 6 மாதங்களில், முயற்சி செய்யாமலே ஏற்பட்ட எடையிழப்பு: 5 விழுக்காட்டுக்குக் கீழ் எனில் 0, 5 முதல் 10 வரை எனில் 1, 10க்கு மேல் எனில் 2.
* கடும் நோயுற்று, 5 நாட்களுக்கு மேல் உணவு உட்கொள்ளாத நிலை அல்லது அதற்கான வாய்ப்பு: 2.

கூட்டுத்தொகை 0 எனில் இடர் குறைவு. 1 எனில் நடுத்தரம். 2 அல்லது அதற்கு மேல் எனில் இடர் மிகுதி.

எடுத்துக்காட்டாக, 170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் நான்கு மாதங்களில், முயற்சி ஏதுமின்றி 90 கிலோகிராமிலிருந்து 80 கிலோகிராமுக்கு மெலிந்துள்ளார் எனக் கொள்வோம். அவருடைய உடல் நிறைச் சுட்டெண் ஏறத்தாழ 27.7 ஆகும், எனவே முதற்கூறில் 0 புள்ளி. எடையிழப்பு 11 விழுக்காடு. எனவே இரண்டாம் கூறில் 2 புள்ளிகள். பார்வைக்குப் பருத்தவராகத் தோன்றும் அவர் மிகுந்த இடருள்ளவர். ஊட்டக்குறையுள்ளவர் மெலிந்துதான் இருப்பார் என்று கருதுவது தவறு என்பதை இது காட்டுகிறது.

குறைகள் நேரும் இடங்கள்

மேற்கண்ட படிகளைச் செய்வோர் வெவ்வேறு துறையினர். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் முடிவைச் சார்ந்துள்ளது. ஒரு கணக்கின் மூலம் இதன் விளைவை உணரலாம். முதல் நான்கு படிகள் ஒவ்வொன்றும் 80 விழுக்காடு ஒழுங்காக நடைபெறுவதாகவும், ஒன்றின் தவறு மற்றொன்றைப் பாதிப்பதில்லை எனவும் கொண்டால், நான்கையும் கடந்து உரிய திட்டத்தைப் பெறுவோர் 0.8 × 0.8 × 0.8 × 0.8 = 0.41, அதாவது 100 பேரில் 41 பேர் மட்டுமே. தத்தம் பணியை ஒவ்வொரு துறையினரும் நன்கு செய்வதாக எண்ணியிருக்க, பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் வழியிலேயே தவறிப்போகின்றனர். ஒரு படியை மட்டும் 100 விழுக்காடாக உயர்த்தினாலும் மொத்த அளவு 51 விழுக்காட்டைத்தான் எட்டும். எனவே எல்லாப் படிகளையும், குறிப்பாக அவற்றை இணைக்கும் இடங்களையும் ஒருங்கே சீர்செய்வது தேவையாகிறது.

தரத்தை மேம்படுத்தும் வழிகள்

* எடையும் உயரமும்: சேர்க்கையின்போது அளந்து பதிதல். எழுந்து நிற்க இயலாதோருக்கு இருக்கைத் தராசு, படுக்கைத் தராசு ஆகியவை பயன்படுகின்றன.
* தானியங்கு அறிவிப்பு: வடிகட்டலில் இடர் தெரிந்தவுடன், மின்னணுக் குறிப்பேடு தானாகவே உணவியல் வல்லுநருக்கு அறிவிக்குமாறு அமைத்தல். நினைவில் வைத்து அழைக்கவேண்டிய தேவை இதனால் நீங்குகிறது.
* சிவப்புத் தட்டு: உண்பதற்கு உதவி தேவைப்படுவோருக்குச் சிவப்பு நிறத் தட்டில் உணவு வழங்கும் முறை ஐக்கிய இராச்சிய மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. தட்டைக் காணும் எவரும் அந்நோயாளிக்கு உதவி தேவை என்பதை உடனே அறியலாம்.
* காக்கப்பட்ட உணவு வேளை: உணவு நேரத்தில் அவசரமற்ற சோதனைகளையும் மருத்துவர் சுற்றுகளையும் தவிர்த்தல்.
* பட்டினி நேரத்தைக் குறைத்தல்: சோதனை தள்ளிப்போனால் உடனே உணவு வழங்குமாறு முன்கூட்டியே விதி வகுத்தல்.
* உண்ட அளவைப் பதிதல்: தட்டில் முழுவதும், முக்கால், அரை, கால் என எவ்வளவு உண்ணப்பட்டது என்பதைக் குறித்தல்.

சான்றுகள்

ஊட்ட உதவி நோயாளியின் உயிரைக் காக்குமா, அல்லது எடையை மட்டும் கூட்டுமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. சுவிட்சர்லாந்தின் 8 மருத்துவமனைகளில் நடைபெற்று, 2019 ஆம் ஆண்டில் வெளியான "எஃபர்ட்" ஆய்வு இதற்கு முக்கியமான விடையளித்தது. ஊட்டக்குறை இடருள்ள 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உணவியல் வல்லுநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலக்கு வகுத்து உணவளிக்க ஏற்பாடு செய்தார். மற்றக் குழுவினருக்கு வழக்கமான மருத்துவமனை உணவு வழங்கப்பட்டது. 30 நாட்களுக்குள் முதற்குழுவில் 7 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 10 விழுக்காட்டினரும் இறந்தனர். ஏறத்தாழ 37 பேருக்கு இத்தகைய பராமரிப்பை அளித்தால் ஒரு மரணத்தைத் தவிர்க்கலாம் என்பது இதிலிருந்து பெறப்படும் கணிப்பு. உதவியின் பெரும்பகுதி வாய்வழி உணவாகவும் துணை உணவாகவுமே அமைந்தது. ஆனால் 6 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, இரு குழுக்களின் இறப்பு வீதத்திலும் தெளிவான வேறுபாடு எஞ்சியிருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னரும் பராமரிப்பைத் தொடரவேண்டும் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

தர அளவீடு

ஐக்கிய அமெரிக்காவில் 2013 ஆம் ஆண்டில், ஊட்டம் மற்றும் உணவியல் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் ஊட்டக்குறை தர மேம்பாட்டு முன்னெடுப்பைத் தொடங்கின. வடிகட்டல், மதிப்பீடு, நோயறிதல், திட்டம் ஆகிய நான்கு படிகளும் நடைபெற்றனவா என்பதை மின்னணுக் குறிப்பேட்டிலிருந்தே கணிக்கும் அளவீடுகளை இது உருவாக்கியது. இவற்றை இணைத்த கூட்டு மதிப்பெண்ணை அந்நாட்டின் மெடிகேர் நிர்வாகம் 2022 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைகள் தாம் தெரிவுசெய்து அறிக்கையிடக்கூடிய அளவீடுகளுள் ஒன்றாக இது 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் இது 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு உரியதாக அமைக்கப்பட்டிருந்தது.

எச்சரிக்கைகள்

நெடுநாள் பட்டினியிருந்தவருக்குத் திடீரென மிகுதியாக உணவளித்தால் மீளுணவூட்டல் கூட்டறிகுறி ஏற்படலாம். இன்சுலின் சுரப்பு உயர்வதால் குருதியிலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் சென்று, குருதியில் அவற்றின் அளவு வீழ்ச்சியடைகிறது. இதயத் துடிப்பு சீர்குலைந்து இறப்பும் நேரலாம். ஆகவே 2006 ஆம் ஆண்டின் ஐக்கிய இராச்சிய வழிகாட்டி, மிகுந்த இடருள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் எடைக்கு 10 கிலோகலோரிக்கு மிகாமல் தொடங்கி, படிப்படியாகக் கூட்டவும், தொடங்கும் முன் தயமின் வழங்கவும் பரிந்துரைத்தது.

குருதியிலுள்ள ஆல்புமின் அளவு முற்காலத்தில் ஊட்டநிலையின் குறிகாட்டியாகக் கருதப்பட்டது. அது அழற்சியாலும் குறைவதால், தற்போது ஊட்டக்குறையை அறிய அதனைப் பயன்படுத்துவது ஏற்கப்படுவதில்லை.

பதிவு மட்டுமே பராமரிப்பு ஆகாது. ஐக்கிய அமெரிக்காவில் கடும் ஊட்டக்குறை எனப் பதியப்பட்டால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் கட்டணம் உயரக்கூடும். 2020 ஆம் ஆண்டில் அந்நாட்டு நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இத்தகைய 200 கட்டணக் கோரிக்கைகளை ஆராய்ந்தது. அவற்றுள் 27 மட்டுமே சரியானவை என அது அறிவித்தது. அளவீடு தாளில் உயர்ந்தும் தட்டில் மாற்றம் இல்லாதிருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும். எனவே படிகளின் எண்ணிக்கையோடு, நோயாளி உண்மையில் உண்ட அளவு, எடை, உடல்வலிமை ஆகியவற்றையும் சேர்த்து நோக்குவது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* ஊட்டக்குறை
* உடல் நிறைச் சுட்டெண்
* உணவியல்
* மீளுணவூட்டல் கூட்டறிகுறி
* படுக்கைப் புண்