எந்த ஏரியாவில் வாடகை கம்மி?



நினைவுச் சொற்பொழிவு என்றால் தத்துவமோ இலக்கியமோ இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் வாடகை வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் படிக்கவோ வேலைக்கோ சென்னைக்கு வரும் நம் பிள்ளைகள் இயக்கத் தோழர்களிடம் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த ஏரியாவுல வாடகை கம்மி?" என்பதுதான். சாதியைப் பேசாமல் இதற்கு யாராவது பதில் சொன்னால் அது பாதிப் பதில்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியில் சேரப் போனார். பதவி இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. இந்து நண்பர் ஒருவர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பரோ மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி நழுவினார். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார் அண்ணல். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும், சிறிய நூல்தான்.

இன்று தடி எடுத்து வருவதில்லை, கேள்வியோடு வருகிறார்கள். "சைவமா, அசைவமா?" "சொந்த ஊர் எது?" "ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குப் பிறகு, "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்களே" என்று பதில் வரும். டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2015இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் வந்தது. பெயரைக் கேட்டே தலித்துகளையும் முஸ்லிம்களையும் மறுத்ததை அது பதிவு செய்தது. மறுக்காத இடங்களிலும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பேசுகிறது. தனியார் வீட்டு வாடகையைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பொதுவில் சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். "ஆள் வந்துட்டாங்க" என்ற பொய்யின் மேல் எந்தச் சட்டத்தைப் பாய்ச்சுவது?

இந்த மறுப்புக்கு விலை உண்டு. மறுக்கப்பட மறுக்கப்பட நாம் தேடும் வட்டம் சுருங்குகிறது. கிடைத்ததை, கேட்ட காசுக்கு எடுக்கிறோம். மாதம் 6,000 ரூபாய் என்று மகிழ்ந்து புறநகரில் வீடு எடுத்தவருக்கு ஷேர் ஆட்டோவும் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து 9,000 ஆவது சாதாரணம். ஆகவே, வாடகையைக் கேட்காதீர்கள், மாதச் செலவைக் கேளுங்கள்.

முதலில் மின்சாரம். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டர் குழாய் உண்டா, லாரியா, கேன் வாங்கியே குடிக்க வேண்டுமா என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்; தரகர் சொல்லமாட்டார். பயணத்துக்குப் புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டைப் போல மலிவானது வேறில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து அந்தத் தெருமுனைக்கு வருகிறதா என்பதே கேள்வி. மழையை மறக்க வேண்டாம். 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, வியாசர்பாடி, புளியந்தோப்பு என்னவாயின என்று தெரியும். அங்கே தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால், ஏன் என்று கேளுங்கள்.

பகுதிகளுக்கு வருவோம். சேப்பாக்கத்தில் படிக்கிறவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பார்க்கலாம். அறை சிறிது, கேள்விகளும் குறைவு. ஆனால் அவை பெரும்பாலும் ஆண்களுக்கானவை. நம் பெண் பிள்ளைகளுக்கு அரசு விடுதிதான் முதல் முயற்சி, அங்கே இடம் இல்லையென்றால்தான் வெளியே. வடசென்னையைப் பலர் முகம் சுளித்து ஒதுக்குகிறார்கள். நான் முதலில் சொல்வதே பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, வியாசர்பாடிதான். ரயில் இருக்கிறது, மலிவான சாப்பாடு இருக்கிறது, மாட்டுக்கறிக் கடை இருக்கிறது. அதைச் சமைப்பதற்குச் சன்னலை மூட வேண்டியதில்லை. 1921 ஆலை வேலைநிறுத்தத்தையும் புளியந்தோப்புக் கலவரத்தையும் கடந்து நம் மக்கள் நின்ற மண் அது. மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் வீடே கிடைக்காது என்று சொல்லவில்லை. தேடும் நாள்களையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளில் மிகக் குறைந்த வாடகைக்கு வீடு வரும். நகரின் நடுவிலிருந்து நம்மவர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்த இடங்கள் அவை. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இன்னொன்று, அது வாரிய ஒதுக்கீட்டு வீடு. ஒதுக்கீடு பெற்றவர் வாடகைக்கு விட விதி இடம் தராது. வாரியம் சோதனைக்கு வந்தால் நீங்களும் வெளியே, ஒதுக்கீடு பெற்ற ஏழைக் குடும்பமும் வெளியே.

பெயரையும் சாதியையும் மறைக்கலாமா? மறைக்கவே கூடாது என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. சொந்த வீட்டுக்காரர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். முதலாண்டு மாணவிக்கு அந்தக் கட்டளையை நான் இடமாட்டேன். ஆனால் மறைத்து வாழ்வதும் ஒரு செலவு. சுவரில் அண்ணல் படத்தை மாட்ட முடியாது, ஊரிலிருந்து வரும் அம்மாவிடம் "பேசும்போது பார்த்துப் பேசும்மா" என்று சொல்ல வேண்டியிருக்கும். 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாவது அம்மா வாய்விட்டுப் பேசக்கூடிய தெருவில் இருங்கள் என்பேன்.

வீடு முடிவானதும் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவையும் கோருகிறது. வேறாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. சென்னை வழக்கமோ பத்து மாதம். "வேறாக ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்ற அந்த ஓட்டையில்தான் பத்து மாதம் நுழைகிறது. கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை.

மன்றத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கேள்வி கேட்காமல் வீடு கொடுத்த உரிமையாளர்களின் தெரு, வாடகை, முன்பணம், எத்தனை மாதம் கழித்து முன்பணம் திரும்ப வந்தது, இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் ஒவ்வொரு தோழரும் ஒரு வரி எழுதட்டும். அடுத்து வரும் பிள்ளை அந்த நோட்டைப் புரட்டிவிட்டுத் தெருவில் இறங்கட்டும்.