25-ந் தேதியோடு முடிவதில்லை கிறிஸ்துமஸ்!

புதுச்சேரியில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று வாசலில் தொங்கும் நட்சத்திர விளக்கு சொல்லும். அடுப்படியில் நிற்கும் தாய்மாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

முறுக்கு சுட வேண்டும். தையற்காரரிடம் துணி வாங்கி வர வேண்டும். அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு அனுப்ப வேண்டும். இத்தனையும் 24-ந் தேதி இரவுக்குள்! நடுச்சாமப் பூசையில் கண் சொருகிவிடுகிறது. நட்சத்திரம் கட்டியதோடு தம் வேலை முடிந்தது என்று நினைக்கும் ஆண்களும் உண்டு.

புயல் வந்த ஆண்டு

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் அதிகமான மழை! வீதிகளில் படகு ஓடியது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு வாரத் திருவருகைக் காலம் அன்றுதான் தொடங்கியது. அரசு ரேஷன் அட்டைக்கு 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பாய் நனைந்து, அரிசி நனைந்த வீட்டில் அந்தப் பணம் எதற்கென்று போதும்? புதுத்துணிக்காகக் கடன் வாங்கினால், பண்டிகை போன பிறகும் வட்டி நிற்கும்.

ராஜாக்கள் வரும் வரை

அவசரப்படத் தேவையே இல்லை. திருச்சபை வழக்கப்படி கிறிஸ்துமஸ் ஒரு நாள் கூத்தல்ல. ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள். இந்தியாவில் அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுகிறார்கள். அதுவரை பண்டிகைக் காலம்தான். குடிலும் கலைவதில்லை.

பிரான்சில் அந்தத் திருநாளுக்கென்றே ஒரு கேக் உண்டு. அதற்குள் சின்னஞ்சிறு பொம்மை ஒன்றை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் அது வருகிறதோ, அவர் தலையில் காகிதக் கிரீடம்! பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். அவர்களுக்கு இது தெரிந்த விளையாட்டு.

ஆகவே, பலகாரத் தட்டு 28-ந் தேதி போனாலும் பக்கத்து வீட்டார் கோபிக்கமாட்டார்கள். நாலு பலகாரத்துக்குப் பதில் ஒன்று போதும். புதுச்சேரிக்கே உரிய 'விவிக்கம்' கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரவை, வெண்ணெய், முட்டை சேர்த்துச் செய்வது. அதற்கான திராட்சையை முன்கூட்டியே ரம்மில் ஊறப் போட்டுவிடலாம். கடைசி நாள் ஓட்டம் பாதி குறையும்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நள்ளிரவில்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மிஷன் வீதி சம்பா கோவிலிலும், ரயில் நிலையத்தை அடுத்த திரு இருதய ஆண்டவர் பேராலயத்திலும் 25-ந் தேதி காலையிலும் பூசை உண்டு. குழந்தை விழித்திருக்கும். குடிலில் உள்ள ஆட்டுக்குட்டியைக் காட்டலாம்.