படகு போகாத ஆற்றில் ஒரு நாள்

ரைன் நதியில் உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்கள் இறங்கிப் பார்க்கும் பழைய ஊர்களில் ஒன்று, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க். அங்கே இல் என்ற ஆற்றின் ஓரத்தில், மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சரிந்த கூரைக்குக் கீழே காற்று புகும்படி திறந்த மாடங்கள். அவை எதற்கு என்று வழிகாட்டி சொன்ன பிறகுதான் பலருக்குத் தெரியும்: தோல் காயப்போட. அது தோல் பதனிட்டவர்கள் வாழ்ந்த பகுதி. 1572-ல் கட்டிய ஒரு தோல்காரர் வீடு இப்போது உணவகம்.

வாணியம்பாடிக்காரருக்கோ ஆம்பூர்க்காரருக்கோ இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. தோலுக்குத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர் உள்ள இடத்தில்தான் தோல் பதனிடும் ஷாப் வரும். பாலாற்றங்கரையிலுள்ள இந்த ஊர்களில் வந்ததும் அப்படித்தான். கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, வயலூரில் கடல் சேரும் 348 கிலோமீட்டர் ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள். வாணியம்பாடியிலிருந்து வாலாஜாபேட்டை வரை சுமார் நூறு கிலோமீட்டர். படகு இல்லை, பஸ் உண்டு, ரயில் உண்டு. காலையில் கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

வாணியம்பாடியில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு நினைவுத்தூண். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து, பாலாறு ஊருக்குள் புகுந்தது. இருநூறு பேர் வரை செத்தார்கள். அவர்களுக்காக நட்ட தூண் அது. மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து இந்தத் தூணின் முன் நின்றால், இத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். 1919-ல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி இதே ஊரில்தான். கடைத்தெருவில் தமிழும் உருதும் ஒரே மூச்சில் கலந்து வரும்.

அடுத்தது ஆம்பூர். பொழுது விடியும்போதே ஷூ கம்பெனி பஸ்கள் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். ஐரோப்பியக் கடைகளில் விற்கும் காலணிகள் பல இவர்கள் கையால் தைத்தவை.

பகலில் பிரியாணி. சீரகச் சம்பாவைத் தனியாக வேகவைத்து வடித்து, காய்ந்த மிளகாய் அரைத்துச் சேர்த்து வெந்த கறியோடு கலந்து தம் போடுவார்கள். மூடிமேல் விறகுத் தணல் கிடக்கும். மூடியைத் தூக்கும்போது முதலில் வருவது மசாலா வாசனை அல்ல, அரிசி வாசனை. நெய் சொட்டாது, சோறு ஒன்றோடொன்று ஒட்டாது. தொட்டுக்கொள்ளப் புளி போட்ட கத்தரிக்காயும் வெங்காயத் தயிரும்.

இதே ஊர்ப்பக்கம்தான் 1749 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆற்காட்டு நவாப் அன்வருதீன் யானைமேல் இருந்தபடியே குண்டடிபட்டுச் சாய்ந்தார். எதிரணியில் நின்ற சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் வென்றார்கள். நவாபின் மகன் முகம்மது அலி திருச்சிக்கு ஓடினார். அவரை அங்கே சூழ்ந்தவர்களின் கவனத்தைத் திருப்பத்தான் 1751-ல் ஆங்கிலேயர் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். ஆம்பூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகிற பயணி, தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கதையின் வழியிலேயே போகிறார்.

இடையில் பள்ளிகொண்டா, கரையோரத்தில் உத்திர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். வேலூர்க் கோட்டையும் 1806-ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

பாலாற்றுக் கதையை அழகு மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முன்பு இங்கே தோலைப் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். 1970-களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுப்பதத் தோல் செய்யும் வேகத்தில் பட்டைக்குப் பதில் குரோமியம் பெருகியது. பச்சைத்தோல் அழுகாதிருக்கப் போடும் உப்பு வேறு. இரண்டும் கழிவுநீரில் போய் நிலத்தடியில் இறங்கின. வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது இந்தத் தீர்ப்பால். இதைக் காட்டி நாடு முழுவதும் நியாயம் கேட்கிறார்கள். ஆனால் இங்குள்ள உழவர்களின் காத்திருப்பு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது.

தொழில் போக வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கும் அந்தப் பெண்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ரைன் நதியும் 1986-ல் பாசல் அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தபோது சிவந்துதான் ஓடியது, மீன்கள் செத்து மிதந்தன. கரையோர நாடுகள் மறு ஆண்டே ஒன்றுகூடித் திட்டம் போட்டன, பணம் இறக்கின. இன்று அதில் கப்பலில் போகிறவர்கள் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கிறார்கள். பாலாற்றுக்கு அந்த அளவு அக்கறையை இன்னும் யாரும் காட்டவில்லை.

மாலையில் ஆற்காடு. பழைய கோட்டையில் மிஞ்சிய டெல்லி வாயில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. கடைத்தெருவில் ஒரு மக்கன் பேடா வாங்கிக்கொள்ளலாம். பிட்டால் உள்ளே முந்திரியும் பாதாமும் பொடியாகத் தெரியும், பாகு விரலில் ஒட்டும். பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை, அப்பால் முகம்மது அலியின் பட்டப்பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை. தியாகராஜரின் சீடர் வெங்கடரமண பாகவதர் இருந்து கீர்த்தனைகளை எழுதி வைத்த ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றதும் இந்தப் பகுதியில்தான்.

2021 நவம்பர் 19 அன்று இங்குள்ள பாலாறு அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கரைக்கு வந்தார்கள்.